புகை வரட்டும் சாரே



போன வாரம் என் மகள் ஒரு படம் போட்டிருந்தாள். பள்ளி மைதானத்தில் நான் முட்டுக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பொம்மைக் காரின் வயிற்றைக் குடைந்துகொண்டிருக்கிற படம். அதைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்டுவிட்டீர்கள். "சார், ரிட்டையர் ஆனபிறகு இதுதான் வேலையா?" என்று ஒருவர். "நாங்க பம்பரம் கொண்டு வந்தாலே பிடுங்கி வெச்சுக்குவீங்களே சார்" என்று இன்னொருவர். அந்தப் பம்பரங்கள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. வந்து வாங்கிக்கொள்ளலாம்.

பதில் கொஞ்சம் நீளம். தேயிலை போட்டு வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

மகளும் மருமகனும் மஸ்கட்டில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். பேரனை ஊரிலேயே படிக்க வைக்கலாம் என்று 2024 ஜூனில் தக்கலைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். எட்டாம் வகுப்பு. பையன் நல்ல பையன்தான். ஆனால் பேசமாட்டான். காலை, மத்தியானம், ராத்திரி மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் சேர்த்து மூன்று வார்த்தை. "போதும் பாட்டா", "வேண்டாம் பாட்டி", "சரி". முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளோடு கிடந்தவன் நான், ஒரு பிள்ளையைப் பேச வைக்கத் தெரியாமல் முழித்தேன்.

டிசம்பர் லீவில் மருமகன் ஒரு பெரிய பெட்டியோடு வந்தார். உள்ளே ரிமோட் கார். நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு அளவு. மூன்றரை கிலோவுக்குக் குறையாத எடை. பேட்டரியில் ஓடுவது இல்லை. உள்ளே நிஜ என்ஜின் இருக்கிறது, கயிறு இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். இதை 'நைட்ரோ' என்கிறார்கள். இப்போது பந்தயக்காரர்களிலேயே பலர் பேட்டரிக்கு மாறிவிட்டார்களாம். மருமகனுக்குச் சின்ன வயதில் கிடைக்காத ஆசை இது, மகனுக்கு வாங்கிவிட்டார். வாங்கிக் கொடுத்துவிட்டுப் பத்தாம் நாள் விமானம் ஏறிவிட்டார். காரும் பையனும் என் தலையில்.

என்ஜினைக் கையில் எடுத்துப் பார்த்ததும் எனக்கு உள்ளே இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். கொள்ளளவு வெறும் 3.5 சி.சி. உங்கள் ஸ்கூட்டர் 110 சி.சி. என்றால் இது அதில் முப்பதில் ஒரு பங்கு. ஆனால் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் சுற்றும். நம் ஸ்கூட்டர் பத்தாயிரத்தைத் தொட்டாலே பெரிய காரியம்.

இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதற்குப் பதிலாக 'குளோ பிளக்'. உள்ளே பிளாட்டினம் கலந்த சின்னக் கம்பிச் சுருள். கிளப்பும்போது ஒன்றரை வோல்ட் பேட்டரியை வைத்து அதைச் சிவக்க வைக்கிறோம். கிளம்பியபின் பேட்டரியை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது நடக்கும் வினையும், எரிகிற சூடும் சேர்ந்து கம்பியை அணையாமல் வைத்திருக்கும். வினையூக்கி என்று பாடத்தில் படித்தீர்களே, அதுதான். அமெரிக்காவில் ரே ஆர்டன் என்பவர் 1947இல் இதைக் கடைக்குக் கொண்டுவந்தார். அதன்பிறகுதான் மாடல் விமானங்களில் காந்தச் சுருளும் பேட்டரியும் சுமக்கிற தொல்லை ஒழிந்தது.

எரிபொருளும் பெட்ரோல் இல்லை. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்தது. நைட்ரோமீத்தேன் தன்னுள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு வருகிற சரக்கு. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிராம் போதும். அதாவது அதே காற்றில் பலமடங்கு எரிபொருளை எரிக்கலாம். எண்ணெய் என்றால் பல கலவைகளில் இன்னும் நம்ம விளக்கெண்ணெய்தான். முதல் உலகப் போர் விமானங்களில் ஊற்றியதும் அதே ஆமணக்கெண்ணெய். காஸ்ட்ரால் என்கிற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். பேரனிடம் இதைச் சொன்னபோது, "அதைத்தானே பாட்டி எனக்குக் குடிக்கத் தந்தாங்க" என்றான். ஆறு மாதத்தில் அவன் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவன் ஊருக்கு வந்த அதே 2024 ஜூனில்தான் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொன்றது மெத்தனால். கொஞ்சம் உள்ளே போனாலே கண் போகும், உயிரும் போகும். இதை யாரும் வீட்டில் கலந்து பார்க்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். நம் மாநிலத்தில் மெத்தனாலுக்கு உரிமம் வேண்டும், அது சரியான சட்டம். நான் வைத்திருப்பது கலந்து மூடி வருகிற கேன், பெங்களூரில் மாடல் சாமான் விற்கிற கடையில் வாங்கியது. கூரியரில் ஏற்றமாட்டார்கள். என் பழைய மாணவர் ஒருவர் காரில் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தார். வெளியே ஓட்டுப்புரையில் பூட்டி, சாவியை என் இடுப்பில் வைத்திருக்கிறேன். கையுறை இல்லாமல் ஊற்றுவதில்லை. மெத்தனால் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்குத் தெரியாது என்பதால் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் உண்டு.

இனி என்ஜினைப் பழக்குகிற கதை. இதில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. அலுமினிய பிஸ்டன், அதைச் சுற்றிக் குரோமியம் பூசிய பித்தளை ஸ்லீவ். ஸ்லீவ் மேலே போகப்போகக் கொஞ்சம் குறுகும். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சியில் போய் இறுகிப் பிடிக்கும். சூடேறினால் பித்தளை அதிகம் விரிந்து சரியான இடைவெளி தரும். ஆகவே குளிரக் குளிர ஓட்டினாலும் தேயும், சூடு மிஞ்சினாலும் போகும். புது என்ஜினை முதல் சில டேங்குக்கு எரிபொருள் தாராளமாக விட்டு, புகை தள்ளத் தள்ள, மெதுவாக ஓட்ட வேண்டும். ஒவ்வொரு டேங்க் முடிந்ததும் பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து ஆறவிட வேண்டும். மேலே விட்டால் ஸ்லீவ் ஆறிச் சுருங்கும்போது அதைக் கவ்விக்கொள்ளும்.

சூடு பார்க்க முதலில் கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கியைக் காட்டினேன். அது மனுஷக் காய்ச்சலுக்கு மேல் கணக்குத் தெரியாத சாதனம், கைவிரித்துவிட்டது. நாகர்கோவிலில் போய்த் தொழிற்சாலைகளில் பயன்படுத்துகிற துப்பாக்கி ஒன்று வாங்கிவந்தோம். பேரன் ஒரு நோட்டுப் போட்டான். தேதி, நேரம், வெயிலா மழையா, எத்தனையாவது டேங்க், தலைச்சூடு எவ்வளவு. கையெழுத்து அழகாக இருந்தது. ஒரு வாரத்தில் அவன் சாப்பாட்டு மேசையில் பேச ஆரம்பித்தான். "பாட்டா, இன்னைக்கு 96 டிகிரி." "பாட்டா, ஈரக்காத்துல சத்தம் வேற மாதிரி இருக்கு." அது உண்மைதான். காற்றில் ஈரம் ஏறினால் ஆக்சிஜன் குறையும், என்ஜின் திணறும். நம் மாவட்டத்துக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். நேற்று வைத்த அளவு இன்றைக்குச் செல்லாது.

கார்புரேட்டரில் இரண்டு நீடில். ஒன்று முழு வேகத்துக்கு, ஒன்று குறைந்த வேகத்துக்கு. வலப்பக்கம் திருகினால் எரிபொருள் குறையும், இடப்பக்கம் திருகினால் கூடும். கடிகாரத்தில் ஒரு மணி நேர முள் நகர்கிற அளவுக்குத்தான் ஒரு தடவை திருப்ப வேண்டும். எரிபொருளைக் குறைக்கக் குறைக்க வேகம் ஏறும். ஏறிக்கொண்டே போகும். இதில்தான் ஆபத்து. இந்த என்ஜினுக்குச் சோறும், தண்ணியும், எண்ணெய்க் குளியலும் ஒரே குழாயில்தான் போகிறது. எரிபொருளைக் குறைத்தால் மசகெண்ணெயும் குறையும், மெத்தனால் தருகிற குளிர்ச்சியும் குறையும். வேகம் மிக அதிகமாக இருக்கும் இடமும், உடையப்போகிற இடமும் அடுத்தடுத்த வீடு.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

பொங்கலுக்கு மறுநாள். பள்ளி மைதானத்தில் அனுமதி வாங்கி ஓட்டினோம். தெருப் பிள்ளைகள், உறவினர்கள், என் பழைய சக ஆசிரியர் இருவர் எல்லாரும் வந்திருந்தார்கள். கார் நன்றாகத்தான் ஓடியது. கூட்டத்தில் ஒருவர், "இவ்வளவுதானா வேகம்? பேட்டரி கார் இதைவிடப் போகுமே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். பேரன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான், "பாட்டா, மூணு நாளா ஆக்ஸிலேட்டரை விட்டாலும் சத்தம் உடனே இறங்க மாட்டேங்குது. நோட்ல எழுதியிருக்கேன்." "அது ஒண்ணும் இல்ல மக்களே" என்று சொல்லி, கால் சுற்றுத் திருகினேன். ஒரே தடவையில் கால் சுற்று.

கார் அம்பு மாதிரிப் போனது. எல்லாரும் கை தட்டினார்கள். பின்னால் புகையே இல்லை. எனக்கு அது சுத்தமாகத் தெரிந்தது, பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாவது சுற்றில் ஒரு கீச்சொலி. அப்புறம் சத்தம் இல்லை. கார் செம்மண்ணில் சறுக்கி நின்றது. என்ஜினைத் தொட முடியவில்லை. கயிற்றை இழுத்தால் உள்ளே எதுவோ கலகலக்கிறது.

பையன் அழவில்லை, கோபப்படவில்லை. "பரவால்ல பாட்டா" என்றான். அன்று ராத்திரி மறுபடி மூன்று வார்த்தைக்குத் திரும்பிவிட்டான்.

இந்தச் சின்ன என்ஜினை யாரிடம் காட்டுவது? குளச்சல் பக்கம் என் மாணவர் ஒருவர் வள்ளங்களின் அவுட்போர்டு என்ஜின் வேலை பார்க்கிறார். பத்தாம் வகுப்பில் நடுவாந்தரமாகப் படித்தவர். அவர் படித்த 1980களில் நம் கடற்கரை மாறிக்கொண்டிருந்தது. பாய் விரித்துப் போன கட்டுமரங்களின் இடத்துக்கு என்ஜின் வைத்த வள்ளங்கள் வந்தன. முட்டத்தில் பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜிலே என்கிற பாதிரியார் ஒட்டுப்பலகைப் படகு கட்டக் கற்றுக்கொடுத்த காலம். என்ஜின் வந்தால் என்ஜின் பழுதும் வரும். கரையிலேயே பழுது பார்க்கத் தெரிந்த பையன்கள் தேவைப்பட்டார்கள். இவர் அப்படிப் போனவர். அந்த என்ஜின்களும் எண்ணெய் கலந்து ஓடுகிற இரண்டு ஸ்ட்ரோக் இனம்தான். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள்.

பேரனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் என்ஜினை உள்ளங்கையில் வைத்துச் சிரித்தார். "இது குஞ்சு சாரே. ஆனா சாதி ஒண்ணுதான்." பிளக்கைக் கழற்றினார். கம்பிச் சுருள் முறுக்கி உருக்குலைந்திருந்தது. பின்தகட்டைத் திறந்தார். கனெக்டிங் ராடு அடிப்பக்கம் இரண்டாக முறிந்திருந்தது. பிஸ்டன் பக்கவாட்டில் கோடு கோடாக உரசல். பிறகு கார்புரேட்டர் உட்காரும் இடத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சாரே, கை விட்டாலும் சத்தம் இறங்காம நின்னுச்சா?"

நான் பேரனைப் பார்த்தேன். அவன் நோட்டை நீட்டினான்.

அவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். "பிள்ள எழுதித்தான் வெச்சிருக்கான். இந்த ரப்பர் வளையம் வெட்டுப்பட்டுக் காத்து இழுத்திருக்கு. அது ஏற்கெனவே எரிபொருளக் கொறச்சாச்சு. மேல நீங்களும் கொறச்சீங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "கடல்ல என்ஜின் நின்னா இறங்கித் தள்ள முடியாது. அதனால நாங்க கரையிலேயே கொஞ்சம் தாராளமாத்தான் வெச்சு விடுவோம். புகை வரட்டும் சாரே. புகை கண்டா பயப்படாண்டாம். காணல்லண்ணாத்தான் பயப்படணும்."

காசு வாங்கவில்லை. மீன் கறியும் மரச்சீனியும் போட்டு அனுப்பினார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு என்ஜின் நினைவு இல்லை. வேறொரு பையன் நினைவு.

1990களில் எனக்குப் பிளஸ் டூவில் ஒரு மாணவன். ஊரும் வருடமும் சொல்லவில்லை. அவனைப் போல் ஒருவன் எனக்கு அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை. இயற்பியலில் 190 வாங்கினான். 195 வேண்டும் என்றேன். 195 வாங்கினான். அது போதாது, நுழைவுத் தேர்வு இருக்கிறது என்றேன். காலை நாலரைக்கு வீட்டுக்கு வரச்சொல்லித் தேர்வு வைத்தேன். காசு வாங்கவில்லை, பிரியத்தில்தான் செய்தேன். அவனும் ஒரு நாள்கூட முடியாது என்று சொல்லவில்லை. மற்றவர்களிடம் அவனைக் காட்டி, "ஓட்டம்னா இது" என்று சொல்லியிருக்கிறேன். கடைசித் திருப்புதல் தேர்வில் 199.

பொதுத் தேர்வில் இயற்பியல் அன்று தாளை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து வெளியே வந்துவிட்டான். சாயங்காலம் அவன் அம்மா என் வீட்டுக்கு வந்தார்கள். திட்டவில்லை. வாசலில் நின்றபடியே, "சாரே, பிள்ளைக்கு ஒறக்கம் போயி மூணு மாசம் ஆச்சு. சார்ட்ட சொல்லாண்டாம்னு சொன்னான்" என்றார்கள்.

அவன் பிறகு தேறிவிட்டான். இன்று வேறு ஊரில் நல்லபடியாக இருக்கிறான். எனக்குப் பொங்கல் வாழ்த்தும் அனுப்புகிறான். அந்த வருடத்தைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. அவன் பேசவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று நான் வசதியாக வைத்துக்கொண்டேன்.

அவனுடைய அந்த 199 எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போதே அவன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பார்த்தேன். படிக்கிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பேரனிடம், "நீ சொன்னதைப் பாட்டா கேட்டிருக்கணும். தப்பு என்மேல" என்றேன். அவன் கொஞ்சம் யோசித்து, "அடுத்த தடவை ஸ்க்ரூடிரைவர் என்கிட்ட இருக்கட்டும்" என்றான். ஒப்புக்கொண்டேன்.

பிஸ்டன், ஸ்லீவ், ராடு மூன்றும் சேர்ந்த செட்டை மருமகன் ஏப்ரலில் கொண்டுவந்தார். பேரிங்கும் மாற்றினோம், பழையதில் துரு பிடித்திருந்தது. மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சம் எரிந்து தானாக நிற்கும்வரை விட்டு, உள்ளே சில சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றி வைக்க வேண்டும். நான் அதையும் சோம்பல்பட்டு விட்டிருந்தேன். புது ரப்பர் வளையம் போட்டோம். ஏர் பில்டரைக் கழுவி எண்ணெய் தடவினோம். மீண்டும் முதலிலிருந்து பழக்கினோம். கிளப்பும் முன் மகளுடைய முடி உலர்த்தும் கருவியால் தலையைச் சூடாக்குவது பேரன் வேலை.

இப்போது சூடு 100க்கும் 120 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில் நிற்கிறது. துப்பாக்கியின் பேட்டரி தீர்ந்த ஒரு நாள் என் மனைவி வந்து, தோசைக்கல்லில் தெளிப்பதுபோல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். மூன்று நான்கு விநாடியில் கொதித்து வற்றியது. "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தொட்டதும் பொறிந்து பறந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். பந்தயக்காரர்களும் இதே சோதனையைத்தான் சொல்கிறார்கள்.

குறைந்த வேக நீடிலுக்கு இன்னொரு சோதனை. சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது எரிபொருள் குழாயை விரலால் நெரித்துப் பிடித்தால், சத்தம் கொஞ்சம் ஏறி இரண்டு மூன்று விநாடியில் நிற்க வேண்டும். உடனே நின்றால் எரிபொருள் போதவில்லை. ரொம்ப நேரம் இழுத்துக்கொண்டு ஓடினால் அதிகம். பெரிய பந்தயங்களில் இறுதிச்சுற்று ஒரு மணி நேரம் நடக்கும். டேங்க் 125 மில்லிதான், நடுவே பலமுறை நிறுத்தி நிரப்ப வேண்டும். ஒரு சுற்றில் வேகமாகப் போனவன் அல்ல, அந்த ஒரு மணி நேரமும் என்ஜின் அணையாமல் ஓட்டியவன்தான் அங்கே ஜெயிக்கிறான்.

போன ஞாயிறு மைதானத்தில் ஓட்டினோம். அதே ஆள் வந்து அதே கேள்வியைக் கேட்டார். பேரன் அவரைப் பார்த்து, "புகை வருதுல்ல மாமா, அது போதும்" என்றான். கார் மெல்லிய நீலப் புகையோடு ஆறு டேங்க் ஓடியது. படம் அன்று எடுத்ததுதான்.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் இப்போது பெற்றோர்கள், சிலர் ஆசிரியர்கள். நீட் என்றும் ஜேஇஇ என்றும் பிள்ளைகளைக் காலை நாலரைக்கு எழுப்புகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். எழுப்பவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன், குளிர்ந்த என்ஜினும் தேயத்தான் செய்யும். ஆனால் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் வேகமாக ஓடுகிறபோது ஒரு தடவை நிறுத்தித் தொட்டுப் பாருங்கள். உறங்குகிறதா, சாப்பிடுகிறதா, சிரிக்கிறதா. அது எதையாவது எழுதி வைத்திருந்தால் வாசியுங்கள்.

பிறகு ஒன்று. உங்களில் யாரையாவது நான் புகை இல்லாமல் ஓட்டியிருந்தால், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த ஒருவனுக்கு இதைப் பொதுவில் எழுதினால் போதாது என்று தெரியும். வாசித்துக்கொண்டிருந்தால், தம்பி, இன்று ராத்திரி எட்டு மணிக்கு மேல் நான் போன் செய்கிறேன். எடுக்க மனம் இல்லாவிட்டால் எடுக்க வேண்டாம். எனக்கு வருத்தம் இருக்காது.

ஊருக்கு வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மைதானத்துக்கு வாருங்கள். மழை இல்லாவிட்டால் ஓட்டுவோம். ஸ்க்ரூடிரைவர் பேரனிடம் இருக்கும்.

என்றும் அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்,
தக்கலை.